சூடேறும் புவித்தொடுப்பு நிலைமாற்றி: கோளாறைத் தேடுவது எப்படி?



தென்மேல் பருவக்காற்று பலமாக வீசிய ஒரு நாள், டிக்கோயாவில் நடந்த எமது மாலை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், மரம் முறிஞ்சு கரண்ட் கம்பி தேயிலைக்குள்ள விழுந்தா, கரண்ட் தானா நின்னுருமா? எங்க அம்மா காலையில அந்த மலைக்குத்தான் கொழுந்துக்குப் போவாங்க."

"நின்றுவிடும்" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் சொல்லவில்லை. நான் கலைப்பட்டதாரி. உங்கள் பாடநூலில் உள்ள மின்னியலைக் கற்பிக்க முடியும். ஆனால் ஓர் உயிர் சம்பந்தப்பட்ட வினாவுக்கு ஊகத்தில் விடை சொல்லக் கூடாது. மின்வேலை தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் பார்த்தபோது, அந்த மாணவியின் வினாவுக்கான விடையில் பெரும்பகுதி ஓர் இயந்திரத்தில் தங்கியிருப்பது தெரிந்தது. அதன் பெயர் புவித்தொடுப்பு நிலைமாற்றி.

இப்பெயர் உங்கள் பாடநூலில் இல்லை. ஆனால் அதை விளங்கிக்கொள்ளத் தேவையான எல்லாம் உங்கள் பாடநூலில் உள்ளன: நிலைமாற்றி, ஓட்டத்தின் வெப்ப விளைவு, புவிக்கம்பி, வெப்ப இடமாற்றம். ஆகவே இந்த ஒரு பொருளைப் படித்தால் நான்கு அலகுகளை மீட்டதாகும்.

1. மின் எமது வீட்டுக்கு வரும் வழி

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் பக்கம் போகும்போது காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தின் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குச் செல்கின்றது. அம்மின்நிலையம் 1965 இல் இயங்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 50 மெகாஉவாற்று. அதற்கு முன்னரே, 1950 இல், பழைய லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918 இல் ஆய்வுரை ஒன்றை முன்வைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரே அந்நிலையத்துக்கு இடப்பட்டுள்ளது.

நாட்டின் பெரிய மின்நிலையங்கள் யாவும் ஒரே வலையமைப்பில் இணைந்துள்ளன. மின் பின்வரும் படிகளில் எம்மிடம் வருகின்றது.

(அ) மின்நிலையத்தில் படிகூட்டு நிலைமாற்றி வோல்ற்றளவை 132 கிலோவோல்ற்று அல்லது 220 கிலோவோல்ற்று வரை உயர்த்தும். வோல்ற்றளவு கூடினால், அதே வலுவைக் கொண்டுசெல்லத் தேவைப்படும் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தியும் குறையும்.

(ஆ) உபமின்நிலையத்தில் படிகுறை நிலைமாற்றி அதனை 33 கிலோவோல்ற்றாகக் குறைக்கும்.

(இ) 33 கிலோவோல்ற்றுக் கம்பிகள் மலை மலையாகத் தோட்டங்களுக்கு வரும். தோட்டத்துக்கு அருகில் கம்பத்தின் மீதுள்ள சிறிய நிலைமாற்றி அதனை 400 வோல்ற்றாகவும் 230 வோல்ற்றாகவும் குறைக்கும். 400 வோல்ற்றில் தேயிலைத் தொழிற்சாலையின் மோட்டர்கள் ஓடும். 230 வோல்ற்றில் எமது வீட்டு மின்குமிழ் எரியும்.

2. கம்பத்தில் எத்தனை கம்பிகள்?

அடுத்த முறை பாதையில் போகும்போது தூரத்தில் நின்று 33 கிலோவோல்ற்றுக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். மின்கொண்டு செல்லும் கம்பிகள் மூன்று மட்டுமே இருக்கும். இவற்றையே மின்வேலை செய்பவர்கள் மூன்று பேஸ் என்பார்கள். மூன்றிலும் ஓடுவது ஆடலோட்டம். ஆனால் ஒன்றின் உச்சம் வரும் நேரத்தில் மற்றதன் உச்சம் வராது. ஒன்றன்பின் ஒன்றாகச் சம இடைவெளியில் வரும்.

மூன்று பிள்ளைகள் மூன்று கயிறுகளை ஒரு முடிச்சில் கட்டி, மூன்று திசைகளில் சம பலத்துடன் இழுப்பதாக எண்ணிப் பாருங்கள். முடிச்சு அசையாது. அந்த முடிச்சே நொதுமல் புள்ளி. மூன்று பேஸ்களும் சமநிலையில் இருக்கும்வரை நொதுமல் புள்ளியின் வோல்ற்றளவு ஏறத்தாழப் பூச்சியமாகும். அதிலிருந்து புவிக்குப் பாயும் ஓட்டமும் ஏறத்தாழப் பூச்சியமாகும்.

இனி ஒரு சிக்கல். 132 கிலோவோல்ற்றை 33 கிலோவோல்ற்றாக மாற்றும் நிலைமாற்றிகளில் 33 கிலோவோல்ற்றுப் பக்கத்துச் சுருள்களைப் பெரும்பாலும் முக்கோண வடிவில் இணைப்பார்கள். முக்கோணத்துக்கு மூன்று மூலைகள் உண்டு. நடுவில் முடிச்சு இல்லை. முடிச்சு இல்லையென்றால் புவியுடன் இணைக்க ஓர் இடமும் இல்லை.

அதனால் என்ன நேரும்? அப்படிப்பட்ட வலையமைப்பில் ஒரு கம்பி அறுந்து மண்ணில் விழுந்தால், ஓட்டம் மண்ணினூடாகத் திரும்பி வருவதற்குச் சரியான பாதை இல்லை. சுற்று பூர்த்தியாகாதபடியால் மிகச் சிறிய ஓட்டமே பாயும். சுற்றுடைப்பான் அதை உணராது. கம்பி மண்ணில் கிடந்தபடியே உயிருடன் இருக்கும். அதுமட்டுமல்ல, மீதி இரண்டு கம்பிகளுக்கும் புவிக்கும் இடையிலான வோல்ற்றளவு 19 கிலோவோல்ற்றிலிருந்து 33 கிலோவோல்ற்று வரை உயரும். மற்ற இடங்களில் உள்ள காவலிகளும் பழுதடையத் தொடங்கும்.

3. இல்லாத முடிச்சை உண்டாக்கும் இயந்திரம்

இக்குறையைத் தீர்ப்பதற்கு 33 கிலோவோல்ற்றுப் பக்கத்தில் இணைக்கப்படுவதே புவித்தொடுப்பு நிலைமாற்றி. அதில் மூன்று தூண்கள் கொண்ட இரும்பு அகணி இருக்கும். ஒவ்வொரு பேஸின் சுருளையும் பாதி ஒரு தூணிலும், மறுபாதி அடுத்த தூணில் எதிர்த்திசையிலும் சுற்றுவார்கள். கடைசி முனைகள் மூன்றையும் ஒன்றாக முடிச்சிட்டு அந்த முடிச்சைப் புவியுடன் தொடுப்பார்கள்.

மூன்று பேஸ்களும் சமநிலையில் உள்ளபோது இச்சுருள்களில் மிகச் சிறிய ஓட்டமே பாயும். ஆனால் கம்பி ஒன்று மண்ணைத் தொட்டவுடன், புவியினூடாகத் திரும்பும் ஓட்டம் முடிச்சின் வழியே ஏறி மூன்று சுருள்களிலும் ஒரே பக்கமாகப் பாய முனையும். அப்போது ஒவ்வொரு தூணிலும் உள்ள இரு பாதிகளின் காந்தப் புலங்களும் ஒன்றையொன்று நீக்கும். ஆகவே ஓட்டத்துக்கு எதிர்ப்புக் குறைவு. நூற்றுக்கணக்கான அம்பியர் தாராளமாகப் பாயும். ரிலே எனப்படும் காவற்கருவி அதனை உணர்ந்து சுற்றுடைப்பானைத் திறக்கும். கம்பி செத்துவிடும்.

இதை எமது காசல்ரீயின் வான் போல எண்ணிக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் வானின் மேலால் நீர் போகாது. வெள்ளம் வரும்போது மட்டும் போகும். அதற்காகவே அது கட்டப்பட்டுள்ளது. மழையே இல்லாத மாதத்தில் வானின் மேலால் நீர் வழிந்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? "வானில் என்ன பழுது?" என்று கேட்கமாட்டீர்கள். "எங்கிருந்து வருகின்றது இந்த நீர்?" என்றுதான் கேட்பீர்கள். புவித்தொடுப்பு நிலைமாற்றி சூடேறினாலும் முதலில் கேட்க வேண்டிய வினா அதுவே: எங்கிருந்து வருகின்றது இந்த ஓட்டம்?

4. சூடு உண்டாவது எப்படி?

யூலின் விதியை நினைவிற் கொள்ளுங்கள்.

பிறக்கும் வெப்பம் = ஓட்டத்தின் வர்க்கம் × தடை × நேரம்

புவித்தொடுப்பு நிலைமாற்றி பெரிய ஓட்டத்தைச் சிறிது நேரம் தாங்குவதற்கே அமைக்கப்படுவது. 10 செக்கன், 30 செக்கன் என்று அதன் தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். தொடர்ந்து தாங்கக்கூடிய ஓட்டம் அதைவிட மிகக் குறைவு. இதன் கருத்தை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். இதில் வரும் எண்கள் பயிற்சிக்காக எடுத்தவை.

நொதுமல் வழியின் மொத்தத் தடை 2 ஓம் என்க.

நிலை 1: கம்பி விழுந்து 800 அம்பியர் ஓட்டம் 10 செக்கன் பாய்கின்றது.
வெப்பம் = 800 × 800 × 2 × 10 = 12 800 000 யூல்

நிலை 2: ரிலே உணராத 40 அம்பியர் ஓட்டம் 4000 செக்கன் பாய்கின்றது.
வெப்பம் = 40 × 40 × 2 × 4000 = 12 800 000 யூல்

இரண்டும் சமம்! 4000 செக்கன் என்பது ஒரு மணித்தியாலம் 6 நிமிடம் 40 செக்கன். இரண்டாம் நிலையில் நேரம் இருப்பதால் வெப்பத்தின் ஒரு பகுதி வெளியேறிவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த 40 அம்பியர் ஒரு மணித்தியாலத்துடன் நிற்பதில்லை, நாட்கணக்கில் பாயலாம். பெரிய ஓட்டம் சத்தமிட்டு வரும், சுற்றுடைப்பான் நிறுத்திவிடும். சிறிய ஓட்டம் சத்தமில்லாமல் வந்து மெல்ல மெல்லச் சுருளைக் கருக்கிவிடும்.

கருகுவது செப்பு அல்ல. செப்பைச் சுற்றியுள்ள காகிதக் காவலி. நிலைமாற்றிகளில் பயன்படும் சாதாரண காவலிக் காகிதத்துக்கு, மிகச் சூடான இடத்தின் வெப்பநிலை 98 பாகை செல்சியசைத் தாண்டியபின் ஒவ்வொரு 6 பாகை உயர்வுக்கும் மூப்படையும் வேகம் இரட்டிக்கும் என்று பொறியியலாளர்கள் கணிக்கின்றனர். 104 பாகையில் இருமடங்கு, 110 பாகையில் நான்கு மடங்கு, 116 பாகையில் எட்டு மடங்கு.

பிறந்த வெப்பம் வெளியேறுவதற்கும் வழி வேண்டும். சுருளிலிருந்து எண்ணெய்க்கு வரும் வெப்பம் மேற்காவுகையால் மேலே ஏறும். பின் பக்கத்துத் தகடுகளின் வழியே வளிக்குச் செல்லும். எண்ணெய் குறைந்தாலும், தகடுகளுக்கிடையே பாசியும் குப்பையும் அடைத்தாலும் வெப்பம் உள்ளேயே தங்கும்.

ஆகவே சூட்டுக்கு இரண்டே அடிப்படைக் காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, பிறக்கும் வெப்பம் கூடியுள்ளது. மற்றது, வெளியேறும் வெப்பம் குறைந்துள்ளது. கோளாறைத் தேடுபவர் இவற்றுள் எது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

5. கோளாறைத் தேடும் ஒழுங்கு

இவ்வேலை பயிற்சி பெற்ற மின் உத்தியோகத்தர்களுக்கு மட்டும் உரியது. நீங்கள் கற்க வேண்டியது அவர்கள் சிந்திக்கும் ஒழுங்கை.

படி 1: உண்மையிலேயே சூடா?
வெப்பமானியே பிழையாக இருக்கலாம். ஆகவே வேறொரு கருவியால், முடிந்தால் வெப்பக் கமராவால், தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அன்றைய வளியின் வெப்பநிலையையும் குறிப்பார்கள். எந்த இடம் சூடு என்பதும் முக்கியம். தாங்கி முழுவதும் சூடா, அல்லது ஒரு முனை மட்டும் சூடா? ஒரு முனை மட்டும் சூடானால் அங்குள்ள இணைப்புத் தளர்ந்திருக்கலாம். தளர்ந்த இணைப்பில் தடை கூடும். தடை கூடினால் வெப்பமும் கூடும்.

படி 2: நொதுமலில் எவ்வளவு ஓட்டம்?
இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஓட்டம் ஏறத்தாழப் பூச்சியமானால், நோய் பெரும்பாலும் இயந்திரத்துக்குள்ளேயே உள்ளது. படி 5 க்குச் செல்க. ஓட்டம் கணிசமாக இருந்தால், நோய் வெளியே வலையமைப்பில் உள்ளது. படி 3 க்குச் செல்க.

படி 3: எந்த வழியில் வருகின்றது?
ஓர் உபமின்நிலையத்திலிருந்து பல 33 கிலோவோல்ற்று வழிகள் புறப்படும். இவற்றை பீடர் என்பார்கள். ஒவ்வொரு பீடரிலும் புவிக்குக் கசியும் ஓட்டத்தை அளந்தால் குற்றவாளி அகப்படும். வீட்டில் டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், எல்லாச் செருகிகளையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான். பீடர் அகப்பட்டவுடன் அதன் நீளத்துக்கு ஆட்கள் நடந்து பார்ப்பார்கள். ஈரக் கிளை கம்பியில் உரசலாம். காவலிக் கிண்ணம் வெடித்திருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்பி முழுமையாக மண்ணைத் தொட்டால் அந்தப் பேஸின் வோல்ற்றளவு நன்றாக விழும், கண்டுபிடிப்பது எளிது. ஆனால் ஈரக் கிளை உரசுவது போன்ற மெல்லிய தொடுகையில் மூன்று வோல்ற்றளவுகளும் ஏறத்தாழச் சமமாகவே தெரியும். வோல்ற்றுமானியை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று சொல்லக் கூடாது. ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "லயத்தில் ஒரு பக்க வீடுகளில் மட்டும் மின் அதிகம் பாவிப்பதால் இது சூடாகிறது" என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. தோட்டத்துச் சிறிய நிலைமாற்றியின் 33 கிலோவோல்ற்றுப் பக்கமும் முக்கோணமாகவே இணைக்கப்படுவதால், வீடுகளின் சமமின்மை நேரே புவித்தொடுப்பு நிலைமாற்றிக்கு வந்து சேராது.

படி 4: பீடரில் தொடுகை இல்லையென்றால்?
மூன்று சந்தேகங்கள் உண்டு.
(அ) அதே வலையமைப்பில் வேறோர் இடத்திலும் நொதுமல் புவியுடன் தொடுக்கப்பட்டிருக்கலாம். புதிதாக இணைந்த சிறு நீர்மின்நிலையமோ சூரியமின் நிலையமோ அவ்வாறு தொடுத்திருந்தால், இரு இடங்களுக்கும் இடையே ஓட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.
(ஆ) ஓட்டத்தின் அதிர்வெண் 50 ஹேட்ஸ் ஆக இல்லாமல் 150 ஹேட்ஸ் ஆக இருக்கலாம். மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட ஓட்டங்கள் நொதுமலில் ஒன்றையொன்று நீக்குவதில்லை. ஒன்றுடன் ஒன்று கூடும். மலிவான அளவுமானிகள் இதைச் சரியாகக் காட்டமாட்டா.
(இ) வலையமைப்பின் வோல்ற்றளவு அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். அப்போது அகணி காந்தத்தால் நிரம்பிவிடும். சுருள் இழுக்கும் ஓட்டம் திடீரென ஏறும். இரைச்சலும் கூடும். இதில் நொதுமல் ஓட்டம் பெரிதாகத் தெரியாமலே சூடு ஏறலாம் என்பதால், படி 2 இல் பூச்சியம் வந்தாலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 5: உள்ளே என்ன நோய்?
பல புவித்தொடுப்பு நிலைமாற்றிகளில் இன்னொரு துணைச்சுருளும் இருக்கும். உபமின்நிலையத்தின் விளக்கு, விசிறி, மின்கலங்களை ஏற்றும் கருவி ஆகியவற்றுக்கு 400 வோல்ற்று அதிலிருந்தே எடுக்கப்படும். அதில் சுமை கூடியுள்ளதா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்து எண்ணெய் மட்டம், கசிவு, தகடுகளின் அடைப்பு. இவை எல்லாம் சரியாயின் எண்ணெயில் சிறிது எடுத்து அதில் கரைந்துள்ள வாயுக்களைச் சோதிப்பார்கள். அசற்றிலீன் இருந்தால் உள்ளே தீப்பொறி பாய்ந்துள்ளது. எதிலீன் கூடினால் எண்ணெய் கடுமையாகச் சூடாகியுள்ளது. காபனோரொட்சைட்டு கூடினால் காகிதம் கருகத் தொடங்கிவிட்டது எனச் சந்தேகிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை போன்றதே இது.

படி 6: நிறுத்திச் சோதித்தல்
மின்னைத் துண்டித்து, துண்டிக்கப்பட்டதைக் கருவியால் உறுதி செய்து, புவியுடன் தொடுத்த பின்னரே கைவைக்கலாம். மூன்று பேஸ்களின் சுருள்தடைகளையும் அளந்து ஒப்பிடுவார்கள். ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சுருளில் பழுது. காவலியின் தடையையும் அளப்பார்கள்.

இந்தப் படியில் ஒழுங்கு பிசகினால் விளைவு பெரிது. 2020 ஓகஸ்ட் 17 ஆம் திகதி கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த தவறினால் இலங்கை முழுவதும் பல மணித்தியாலங்கள் மின்னை இழந்தது.

6. செய்யக் கூடாத மூன்று

(1) காரணத்தைத் தேடாமல் விசிறி வைத்துக் குளிரச் செய்தல். காய்ச்சல்காரருக்கு ஈரத்துணி போடுவது நல்லதுதான்; ஆனால் அதுவே மருந்தல்ல.

(2) ரிலேயின் எல்லையை உயர்த்தி எச்சரிக்கை மணியை நிறுத்துதல். மணி நிற்கும், ஓட்டம் நிற்காது.

(3) "சூடாகிறது, கழற்றிவிடுவோம்" என்று புவித்தொடுப்பு நிலைமாற்றியை மட்டும் கழற்றிவிட்டு 33 கிலோவோல்ற்று வழிகளைத் தொடர்ந்து ஓடவிடுதல். மூன்றிலும் ஆபத்தானது இதுவே. கழற்றியவுடன் ஒன்றும் நடக்காது. விளக்கு எரியும், மோட்டர் ஓடும், எல்லோரும் திருப்தியடைவார்கள். ஆனால் அன்று இரவு கம்பி ஒன்று தேயிலைக்குள் விழுந்தால் அதை நிறுத்த ஒன்றும் இல்லை. அது விடியும்வரை உயிருடன் கிடக்கும். கொழுந்துக்கு ஆட்கள் போகும் நேரமும் அதுதான்.

7. சமநிலை குலைந்தால்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியில் மோதியதால் வலையமைப்பின் சமநிலை குலைந்தது என்று அப்போது மின்சக்தி அமைச்சர் கூறினார். பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் நீங்கள் இப்போது சிரிக்கமாட்டீர்கள். கரையோரத்தில் உள்ள பாணந்துறையில் நேர்ந்த ஒரு தொடுகை டிக்கோயாவின் விளக்கையும் அணைத்தது. வலையமைப்பில் நோய் ஓரிடத்திலும் அதன் அறிகுறி இன்னோரிடத்திலும் இருக்கலாம். சூடேறிய புவித்தொடுப்பு நிலைமாற்றியும் அப்படித்தான். சூடு உபமின்நிலையத்தில், காரணம் பல கிலோமீற்றர் தூரத்தில் ஒரு மலையில் உரசும் கிளையாக இருக்கலாம்.

8. அந்த மாணவிக்கு விடை

"கரண்ட் தானா நின்னுருமா?" என்ற வினாவுக்கு அடுத்த வாரம் நான் சொன்ன விடை இதுதான்:

நிற்க வேண்டும். நிற்பதற்காகவே புவித்தொடுப்பு நிலைமாற்றியும் ரிலேயும் சுற்றுடைப்பானும் உள்ளன. ஆனால் நின்றுவிட்டது என்று ஒருபோதும் நம்பக் கூடாது. எல்லாக் கருவிகளும் நல்ல நிலையில் இருந்தாலும்கூட, கம்பி கற்பாறையிலோ காய்ந்த புல்லிலோ தேயிலைச் செடியின் மேலோ கிடந்தால், தடை அதிகமாகையால் ஓட்டம் போதாமல் ரிலே உணராமற் போகலாம். அசையாமல், பொறி இல்லாமல், சத்தம் இல்லாமல் கிடக்கும் கம்பியும் உயிர்க்கம்பியே. சில வேளை நின்ற மின் தானாக மீண்டும் வரவும் கூடும்.

ஆகவே விழுந்த கம்பிக்கு அருகில் போகாதீர்கள். குறைந்தது 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள். தடியால் தள்ளிப் பார்க்காதீர்கள். ஈரத்தடி மின்னைக் கடத்தும். ஏற்கெனவே அருகில் நின்றால், கால்களை அகல வைக்காமல் இரு பாதங்களையும் ஒட்டியபடி சிறிது சிறிதாக நகர்த்தி விலகுங்கள். இரு பாதங்களுக்கும் இடையே உள்ள நிலத்தில்கூட அழுத்த வித்தியாசம் இருக்கலாம். நான்கு கால்களையும் அகல வைக்கும் மாடு முதலில் விழுவது இதனால்தான். தோட்ட அலுவலகத்துக்கும் மின்சார அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை மற்றவர்களை அப்பக்கம் விடாதீர்கள்.

அந்த மாணவி இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் வாசித்துக் காட்டினாளாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பரீட்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும் இது வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

9. பயிற்சி வினாக்கள்

1. 33 கிலோவோல்ற்று வலையமைப்பில் ஒரு கம்பிக்கும் புவிக்கும் இடையிலான வோல்ற்றளவைக் காண்க. (33 ஐ 1.73 ஆல் வகுக்க.)
2. 2 ஓம் தடையினூடாக 5 அம்பியர் ஓட்டம் 20 நிமிடம் பாய்ந்தால் பிறக்கும் வெப்பம் எவ்வளவு?
3. ஓட்டம் 5 அம்பியரிலிருந்து 15 அம்பியராக உயர்ந்தால், அதே நேரத்தில் பிறக்கும் வெப்பம் எத்தனை மடங்காகும்?
4. நிலைமாற்றியின் அகணி ஒரே இரும்புக் கட்டியாக அன்றி மெல்லிய தகடுகளாக அமைக்கப்படுவது ஏன்?
5. புவித்தொடுப்பு நிலைமாற்றி ஒன்று சூடாக உள்ளது. வோல்ற்றளவு சரியாக உள்ளது. நொதுமல் ஓட்டம் ஏறத்தாழப் பூச்சியம். காரணம் உள்ளேயா, வெளியேயா? இரண்டு காரணங்கள் தருக.
6. அதனைக் கழற்றிவிட்டு வலையமைப்பைத் தொடர்ந்து இயக்குவது ஏன் ஆபத்தானது?

விடைகள்

1. ஏறத்தாழ 19 கிலோவோல்ற்று.
2. 5 × 5 × 2 × 1200 = 60 000 யூல். (நிமிடத்தைச் செக்கனாக மாற்ற மறக்க வேண்டாம். அதிகமானோர் புள்ளி இழப்பது இங்கேதான்.)
3. ஒன்பது மடங்கு. ஓட்டம் மும்மடங்கானால் அதன் வர்க்கம் ஒன்பது மடங்காகும்.
4. அகணியில் தூண்டப்படும் சுழிப்போட்டங்களைக் குறைத்து, வெப்பமாக வீணாகும் சக்தியைக் குறைப்பதற்கு.
5. உள்ளே. துணைச்சுருளில் சுமை கூடியிருத்தல், எண்ணெய் குறைந்திருத்தல், தகடுகள் அடைபட்டிருத்தல், சுருளில் பழுது ஆகியவற்றுள் எவையேனும் இரண்டு.
6. அறுந்து விழும் கம்பியின் ஓட்டம் திரும்பிவரப் பாதை இல்லாமற் போகும். ரிலே உணராது, கம்பி உயிருடன் கிடக்கும். மற்றைய இரு கம்பிகளின் வோல்ற்றளவும் புவி சார்பாக உயரும்.

நினைவிற் கொள்க: சூடு நோயல்ல, நோயின் அறிகுறி. குளிரச் செய்யுமுன் ஓட்டத்தை அளக்க வேண்டும்.